உருளை சொன்ன எண்

புது வீட்டில் கார் நிறுத்த ஒரே ஒரு ஷெட்தான். அதனால் அண்ணியும் கொழுந்தனும் பேசி வைத்துக்கொண்டார்கள். பட்டறையிலுள்ள சோதனை உருளைமேல் எந்தக் கார் கூடுதல் சக்தி காட்டுகிறதோ அது வீட்டுக்கு. மற்றது, எது கிடைத்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று காத்திருந்த ஒருவருக்கு. "உங்க சண்டைக்கு நான் வரலப்பா" என்று அண்ணன் கழன்றுகொண்டார்.

கொழுந்தனுக்குக் கவலையே இல்லை. அவனுடைய கறுப்புக் கார் ஆறு சிலிண்டர். அந்தக் கால விளம்பரத் தாளில் நூற்று நாற்பத்தைந்து குதிரைத்திறன் என்று போட்டிருந்தது. அண்ணியின் நீலக் காருக்கு நாலே சிலிண்டர், நூற்றுப் பதினெட்டு. இரண்டும் அவன் பிறப்பதற்கு முன்பே சாலைக்கு வந்தவை.

"அண்ணி, உங்க தையல் மெஷினுக்கு இப்பவே டாட்டா காட்டிடுங்க."

"வாய்க்கு வாடகையா குடுக்கிற? பேசு, பேசு."

பட்டறைத் தரையில் பதித்த இரும்பு உருளைகள்மேல் பின்சக்கரங்களை நிறுத்தி, வண்டியைப் பட்டைகளால் இழுத்துக் கட்டினார்கள். நின்ற இடத்திலேயே ஓடும் வண்டியின் சக்தியைத் திரை காட்டும்.

முதலில் கறுப்பு. பட்டறைக்காரர் உள்ளே உட்கார்ந்து மிதித்ததும் ஆறு சிலிண்டரும் ஒரே தொண்டையில் முழங்கின. சுவரில் தொங்கிய ஸ்பானர்கள் கலகலத்தன. திரையில் எண் ஏறி, தொண்ணூற்றேழில் நின்றது.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றான் அவன்.

"சரி, அதே கோளாறுல என்னுதும் ஏறட்டும்" என்றாள் அண்ணி.

நீலம் சன்னமாகத்தான் தொடங்கியது. பாதிவரை பின்தங்கியே வந்தது. கறுப்பு மூச்சு வாங்கிய இடத்தில்தான் இதற்கு உயிரே வந்தது. சத்தம் கூர்மையாகி, மெலிந்து, கூரைத் தகரத்தைத் துளைப்பதுபோல் மேலே போனது. எங்காவது உடைந்துவிடுமோ என்று அவன் பல்லைக் கடித்தான். உடையவில்லை. நூற்றொன்று.

அவன் திரைக்குப் பக்கத்தில் போய் எண்ணை மறுபடி படித்தான்.

"எப்படி அண்ணி? தாள்ல இருபத்தேழு கம்மியாச்சே!"

அண்ணி குழந்தைகள் வார்டில் நர்ஸ். "ஒரு குழந்தையைத் துணியோட எடை போட்டு, இன்னொன்னைத் துணியில்லாம போட்டா ஒப்பிட முடியுமா? உன் கார் கம்பெனிக்காரங்க ஃபேன், டைனமோ, சைலன்சர் எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் எஞ்சினை அளந்தாங்க. என் கார்க்காரங்க எல்லாத்தையும் மாட்டி அளந்தாங்க. சக்கரத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள ரெண்டுலயும் இன்னும் கொஞ்சம் குறையும். ஏமாத்து இல்ல, அப்ப ரெண்டு வழக்கமும் இருந்துச்சு."

"தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"தெரியும். ஆனா ஜெயிப்பேன்னு எங்க தெரியும்? உன்னுது உறுமினப்ப, ஷெட் போச்சுன்னே நினைச்சேன்."

அவன் நீலக் காரின் முன்மூடியில் கைவைத்தான். சூடு உள்ளங்கையில் ஏறியது. இத்தனை சின்ன எஞ்சினுக்குள் இவ்வளவா?

"இன்னொரு தடவை மிதிக்கச் சொல்லுங்க அண்ணி. அந்தச் சத்தத்தைக் கேக்கணும்."

கேட்டான். பிறகு வெளியே போய், காத்திருந்தவருக்குப் போன் செய்தான்.

"கறுப்பா? நூத்தி நாப்பத்தஞ்சுதானே?" என்றார் அவர்.

அவன் கண்ணாடிக் கதவு வழியாகத் தன் வண்டியைப் பார்த்தான்.

"இல்ல சார். சக்கரத்துல தொண்ணூத்தேழு. கம்மின்னு நினைச்சிடாதீங்க. என்னைவிட வயசான வண்டி, இன்னிக்கு ஒரு பட்டறையையே ஆட்டிடுச்சு. வந்து ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

சொல்லும்போதே அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.