கீழே வைக்காத பெட்டி

கொக்கு ஒட்டகத்துக்குத் தரவேண்டியது ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். ரயிலடியில் மூட்டை தூக்குகிற எல்லோருக்கும் இது தெரியும். கொக்கு, ஒட்டகம் என்பதெல்லாம் உயரத்தால் வந்த பட்டப்பெயர்கள். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கொக்கின் மகன் பட்டாளத்தில் சேரப் புறப்பட்டபோது வாங்கிய கடன் அது. பயணச் செலவு, பூட்ஸ், ஒரு தகரப் பெட்டி, எல்லாம் அதில்தான். ஒட்டகம் மனசாரத்தான் கொடுத்தான். அந்தப் பையன் அவனைப் பெரியப்பா என்று கூப்பிட்டு அவன் தோளில் ஏறி வளர்ந்தவன். ஆனால் காசு கொடுத்தவன் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? போன வருஷம் கூலி வாங்குகிற வரிசையில், வேறு ஏதோ கடுப்பில், எல்லோர் காதும் கேட்கச் சொல்லிவிட்டான்.

"என் காசுல பையனை அனுப்பிட்டு, பட்டாளத்தான் அப்பன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்குறான் பாரு!"

கொக்கு திரும்பி நின்றான். "என் பையன் வருவான். அவன் கையால வாங்கிக்க. அதுவரைக்கும் உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். எதிரில் வந்தால் ஒதுங்கிப் போனான். ஒரே மூட்டையில் இருவரையும் போடுவதை மேஸ்திரியும் விட்டுவிட்டார்.

இன்று பையன் வருகிறான். பகல் வண்டியின் பார்சல் வேனில், கொடி போர்த்திய பெட்டிக்குள்.

இந்த ரயிலடியில் ஒரு வழக்கம் உண்டு. சண்டையில் போனவனின் பெட்டி வந்தால் கூலி இல்லாமல் இவர்கள்தான் தூக்குவார்கள். மேடையில் தோளில் ஏற்றினால் மேம்பாலம் ஏறி இறங்கி, வாசல் கேட்டில் பட்டாளத்தாரிடம் கொடுக்கும்வரை தரை தொடாது. நடுவில் இறக்கி வைப்பதற்கு அது மூட்டையா என்பார் மேஸ்திரி. இதுவரை யாரும் இறக்கியதில்லை.

வண்டி நின்றது. உடன் வந்த இளவயசு அதிகாரி, "எங்க ஆளுங்களே தூக்கிக்குவாங்க," என்றார்.

"கேட்டுக்கு அந்தப் பக்கம் உங்க தோள் சார். இந்தப் பக்கம் எங்களுது," என்றார் மேஸ்திரி.

அதிகாரி அவர்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களை இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கச் சொன்னார்.

கொக்கு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "நானும் தூக்குறேன்."

"வேணாம்பா. மருமக பக்கத்துல நில்லு. உன் முட்டிய வச்சுக்கிட்டு பாலம் ஏற முடியாது," என்றார் மேஸ்திரி.

"பொறந்தப்ப இவன முதல்ல தூக்குனது நானு. முட்டியக் கேட்டுக்கிட்டா தூக்குனேன்?"

மேஸ்திரி வழி விட்டார்.

படி ஏறும்போது கனமெல்லாம் பின்னால் வந்து விழும். பெட்டி சாயாமல் இருக்க நெட்டையானவர்கள் பின்னால் நிற்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே உயரம் இருக்க வேண்டும். கொக்குக்கு ஈடான உயரம் ஒரே ஒருத்தனுக்குத்தான். மேஸ்திரி வாய் திறக்குமுன் ஒட்டகம் பெட்டியின் பின்பக்கம் போய் நின்றுவிட்டான். கொக்கு அவனைப் பார்த்தான். குனிந்தான்.

முன்னால் நாலு பேர் சேர, ஆறு பேராகத் தூக்கினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருமகள் பின்னால் நடந்தாள்.

சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. படியில் கால் வைத்ததும் ஒட்டகத்தின் தோள் எலும்பில் மரம் இறங்கியது. பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கொக்கின் மூச்சு கேட்டது, ஓட்டைத் துருத்தி மாதிரி. பாதிப் படியில் பெட்டி லேசாக நடுங்கியது. ஒட்டகத்துக்குப் புரிந்துவிட்டது. முட்டி போகிறது.

இந்த வேலையில் ஒரு சொல் இருக்கிறது: 'தாங்கு'. ஜோடியில் ஒருத்தனுக்கு முடியவில்லை என்றால் அதைச் சொல்வான். சொன்னதும் மற்றவன் நடுவுக்கு நகர்ந்து, பின்கனம் முழுவதையும் பிடரியில் வாங்கிக்கொள்வான். சொல்லாமல் நகரக் கூடாது. நகர்ந்தால் அந்தப் பக்கத்துக்காரன் தயாராக இருக்க மாட்டான், பெட்டி அவன்மேலேயே சாயும்.

சொல்லேண்டா என்று ஒட்டகம் மனசுக்குள் கெஞ்சினான். ஒரு வார்த்தைதானே. சொன்னால் சபதம் போய்விடும் என்று பார்க்கிறானா? பெட்டி தரையில் விழுந்தால் இந்த ஊர் இருக்கும்வரை அதையல்லவா பேசும்? பெற்ற அப்பனே கீழே போட்டான் என்று பேசுமே. அவனை இப்படி வாய் மூட வைத்தது யார் வாய்?

"நிறுத்தலாமா?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"நிறுத்தாத!" என்றான் கொக்கு. அடுத்த படியில் கால் வைத்தான். முட்டி மடங்கியது. பெட்டி ஒரு சாண் இறங்கியது. மருமகள் "மாமா!" என்று கத்தினாள்.

"கொக்கு," என்றான் ஒட்டகம் மெதுவாக. "புள்ள நம்ம தோள்ல இருக்கான். அப்புறமா என்னைத் திட்டு."

கொக்கின் கை கைப்பிடிக் கம்பியைத் தேடிப் பிடித்தது.

"தாங்குடா," என்றான் கொக்கு.

ஒட்டகம் நடுவுக்குப் பாய்ந்தான். பிடரி கனத்தை ஏற்றது. கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். கொக்கு ஒரு கையால் கைப்பிடிக் கம்பியையும் மறு கையால் பெட்டியையும் பிடித்தபடி பக்கத்திலேயே ஏறினான். கை எடுக்கவில்லை. பாலத்து மேலே வந்து, இறங்கி, வாசல் கேட்டில் பட்டாளத்தார் தோள் கொடுக்கும்வரை பெட்டி தரை தொடவில்லை.

சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒட்டகத்திடம் மருமகள் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கட்டு நோட்டை, பக்கத்தில் நின்ற மாமனார் கையில் வைத்தாள்.

"லீவுல வந்து பெரியப்பா கையில நானே குடுக்கணும், நீ குடுத்துடாதேன்னு சொல்லி அவரு அனுப்புன காசு. பால்காரனுக்கே பாக்கி நிக்குது. ஆனா இத நான் தொடல."

கொக்கு நோட்டை நீட்டினான்.

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். "இந்த நேரத்துல காசா? கை நீட்டி வாங்கினா அவன் மனுசனா?"

ஒட்டகத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. வேண்டாம், பேத்திக்கு வச்சுக்க என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லிவிட்டால் நல்ல பேர். கைதட்டக்கூடச் செய்வார்கள். ஆனால் கொக்கின் கண்ணைப் பார்த்தான். அதில் பிச்சை கேட்கிற பார்வை இல்லை. மகன் சொல்லைக் கொண்டுவந்து நிற்கிறவன் பார்வை.

இதை வாங்காவிட்டால் பையன் கடன்காரனாகவே போவான்.

இரண்டு கையாலும் வாங்கினான். கூட்டம் கசமுசவென்றது. "சீ!" என்று ஒரு குரல் கேட்டது. ஒட்டகம் பொருட்படுத்தவில்லை. எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, அவசரப்படாமல் எண்ணினான். எண்ணாமல் மடக்கிப் பைக்குள் போட்டால் அது தானமாகிவிடும்.

எண்ணி முடித்ததும் தலை நிமிர்ந்தான். கேட்டில் நின்ற கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"சரியா இருக்கு. உன் பையன் வந்தான், குடுத்துட்டான். இனிமே பாக்கி ஒண்ணும் இல்ல."