மஞ்சள் டேப் ஒட்டிய பாட்டில்கள்

அக்காவின் செல்கள் நான்காவது தடவையும் செத்துப்போன அன்று, எல்லாரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி மைக்ராஸ்கோப்பைச் சுற்றி நின்றார்கள்.

அக்கா முனைவர் பட்ட ஆராய்ச்சியில் மூன்றாம் வருஷம். தீப்பெட்டி அளவில், கண்ணாடி போலத் தெளிவான ஒரு ரப்பர் வில்லை; அதற்குள் முடியைவிடச் சன்னமான ஒரு கால்வாய். அந்தக் கால்வாயில் சிறுநீரகச் செல்களை வளர்க்க வேண்டும். இரண்டு வாரம் அவை உயிரோடு இருந்துவிட்டால், ஒரு புது மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்பதை மனுஷனுக்குக் கொடுப்பதற்கு முன்னாலேயே வில்லையில் பார்த்துக்கொள்ளலாம். கால்வாய் பிரமாதமாக வந்துவிட்டது. செல்கள்தான் மூன்றாம் நாளே உருண்டையாகி மிதக்க ஆரம்பித்துவிடும்.

"மாசக் கடைசியில உன் வேலையைப் பார்க்க கமிட்டி வருது," என்றார் ஆய்வகத்தை நடத்துகிற மேடம். "அன்னிக்கு ரெண்டு வாரச் செல்லைக் காட்டலைன்னா, இதை மூட்டை கட்டி வச்சிட்டு வேற ஏதாவது ஆரம்பி."

வேறு ஏதாவது என்றால் மறுபடியும் முதல் வருஷம். அக்கா தலையை ஆட்டிவிட்டு, பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நான் துண்டு கொடுத்தேன்.

அதே ஆய்வகத்தில் பாட்டில் கழுவுகிற வேலை எனக்கு. பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு வீட்டில் கிடந்த என்னை, அக்காதான் மேடத்திடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். செல்களுக்கு ஊற்றும் சத்து நீரை வைக்கிற கண்ணாடி பாட்டில்கள் எல்லாம் என் தொட்டிக்குத்தான் வரும். யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு நிறத்தில் டேப். அக்காவுக்கு மஞ்சள், எலி அண்ணனுக்கு நீலம்.

எலி அண்ணன் அக்காவுக்கு இரண்டு வருஷம் சீனியர். எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்வதால் அந்தப் பெயர். மூக்கும் கொஞ்சம் காரணம். அவருடைய செல்கள் காடு மாதிரி மண்டிக்கிடக்கும்.

"எல்லாம் கைராசிம்மா," என்பார் அக்காவிடம். "நான் துப்பினாக்கூட செல் முளைக்கும்."

"அப்படித்தான் வளர்க்கறீங்களோ என்னவோ!"

மேடம் கைராசியை நம்புகிறவர் இல்லை. இருந்தாலும் ஐந்தாவது தடவை, "எதுக்கும் அவன் ஊத்தட்டுமே," என்றார். எலி அண்ணன் கையுறை மாட்டிக்கொண்டு, மாலை போட்டுக்கொள்ளப் போகிற மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்து, அக்காவின் பாட்டிலிலிருந்து ஊற்றினார். மூன்றாம் நாள் அவையும் செத்தன.

"கை என்ன பண்ணும்? ஜாதகம் உன்னோடதாச்சே," என்று நழுவிவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்தது. அக்கா பவுடர் பூசுவதை நிறுத்தினாள். செல்களை உடம்புச் சூட்டில் வைக்கிற பெட்டியை இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு மாற்றினார்கள். குழாய்த் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். வீட்டில் அம்மா, "பொண்ணு பாதியாயிட்டா. அந்தக் கருமம் பிடிச்ச செல்லுக்கு ஊட்டறதுல கால்வாசி நீ தின்னக்கூடாதாடி?" என்று புலம்பினாள்.

அக்காவுக்காக என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். மஞ்சள் டேப் பாட்டில்களை மற்றவற்றோடு போடாமல் தனியாக எடுத்து வைப்பேன். ஆய்வகத்தில் கொடுக்கிற வெள்ளைத் தூளுக்கு ஒரு வாசனையும் கிடையாது. அதனால் வீட்டிலிருந்து எலுமிச்சை சோப்பு கொண்டுபோய் அதில் தேய்ப்பேன். மற்றவர்கள் பாட்டிலைச் சட்டப்படி பத்து தடவை அலசுவேன். அக்காவுடையதை இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் அலசினால் வாசனை போய்விடுமே. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. செய்ததைச் சொல்லிக்காட்டுவது எனக்குப் பிடிக்காது.

அடுத்த வியாழக்கிழமை எலி அண்ணனுக்குப் பாட்டில் தீர்ந்துவிட்டது. அக்காவின் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து, மஞ்சள் டேப்பைக் கிழித்து நீலத்தை ஒட்டிக்கொண்டார். சனிக்கிழமை அவர் போட்ட சத்தம் மாடிப்படி வரை கேட்டது.

"ஐயோ, என் பிள்ளைங்க எல்லாம் போச்சே!"

நேரே என் தொட்டிக்கு வந்தார். "உங்க அக்கா அந்தப் பாட்டில்ல என்ன சூனியம்மா வச்சிருக்கா?"

அவர் போனதும் கழுவி வைத்திருந்த ஒரு மஞ்சள் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக் குலுக்கினேன். நுரைத்தது. ஒரு நீலப் பாட்டிலைக் குலுக்கினேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஐந்து தடவை கொன்றுவிட்டு, ஐந்து தடவையும் நானே துண்டு கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்காவிடம் சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினேன். "என்னடி, மீன் மாதிரி?" என்றாள்.

திங்கட்கிழமை காலைக் கூட்டம். கமிட்டிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. "போதும்மா. இதை இன்னியோட விட்டுடலாம்," என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே போனேன். ஒரு கையில் மஞ்சள் பாட்டில், ஒரு கையில் நீலம். இரண்டையும் குலுக்கினேன். மஞ்சளில் நுரை கழுத்து வரை ஏறி நின்றது.

"என்னம்மா இது?" என்றார் மேடம்.

"சோப்பு," என்றேன். அப்புறம் எல்லாம் மடமடவென்று வந்துவிட்டது. எலுமிச்சை, வாசனை, இரண்டு தடவை அலசியது.

எலி அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குத் தூள்தாண்ணா. பத்து தடவை அலசிடுவேன்."

"அவளுக்கு மட்டும் ஏன்?"

"அவ எங்க அக்காவாச்சே."

அவர் நாற்காலியில் சரிந்தார். "அப்போ இத்தனை வருஷக் கைராசி? நான் யாரோங்கறதால பிழைச்சிருக்கேனா?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "சொன்னா போதாது, காட்டணும். சோப்புல ஆறு பாட்டில், தூள்ல ஆறு. எது எதுன்னு ஊத்தறவங்களுக்குத் தெரியக்கூடாது."

அந்த மூன்று நாளும் அக்கா என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். சாப்பிடும்போது, "அம்மா, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு அவளை," என்றாள். உப்பு என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

வியாழக்கிழமை பார்த்தபோது, சோப்புப் பாட்டிலிலிருந்து ஊற்றிய ஆறு வில்லையிலும் செல்கள் செத்திருந்தன. தூள் பாட்டிலிலிருந்து ஊற்றிய ஆறிலும் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒரு வில்லையை அக்கா கமிட்டிக்கு எடுத்து வைத்தாள். பிறகு என் தொட்டிக்கு வந்தாள்.

"ஏண்டி, செல்லுக்கு மூக்கு இருக்காடி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். குட்டின கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே என் பாட்டிலை யாரோ எவரோடது மாதிரி கழுவு. உனக்குச் சுத்தமா பிடிக்காத ஆளோடதுன்னு நெனச்சுக்கோ. புரியுதா?"

எனக்கு யாரைப் பிடிக்காது என்று வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் பத்தாவது கணக்கு டீச்சர் ஞாபகம் வந்தார். அன்றிலிருந்து மஞ்சள் பாட்டில்களை அவருடையவை என்று நினைத்துக் கழுவினேன். பாட்டில்கள் பளபளத்தன.

கமிட்டி வந்த அன்று செல்களுக்குப் பதினெட்டாம் நாள். கால்வாய் நெடுக, பாய் விரித்த மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தன. கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பார்த்ததைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், என் தொட்டியருகே நின்று பார்த்தேன். மூன்றாமவர் கண்ணை எடுக்கவே இல்லை. மேடம் அவரைத் தோளில் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து எலி அண்ணன் தன் டீ கப்போடு வந்தார். "இதையாவது அந்த எலுமிச்சை சோப்புல கழுவிக் கொடும்மா. இத்தனை வருஷமா பக்கத்துலயே இருக்கேன். கொஞ்சம் பாசம் காட்டக்கூடாதா?"

கழுவிக் கொடுத்தேன். இரண்டு தடவைதான் அலசினேன். முதல் வாயிலேயே அவர் முகம் கோணியது. ஆனாலும் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார்.

அப்புறம் அக்காவின் பாட்டிலை எடுத்தேன். எட்டு, ஒன்பது, பத்து. அவளுக்காக இன்னும் ஒரே ஒரு தடவை அலசலாமே என்று கை துடித்தது. கண்ணாடியை யாரோ தட்டினார்கள். உள்ளே கமிட்டிக்கு நடுவில் நின்றுகொண்டு, அக்கா என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

குழாயை மூடிவிட்டேன்.