பதினொரு நிமிடம்

விருதுநகர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எங்கள் பட்டாசுக் கம்பெனி வெப்சைட்டில் 'வானத்தாமரை' என்ற வெடியின் பக்கத்தைத் திறந்தேன். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. பாதிப் பூ தெரிவதற்குள் ஆறு நிமிடம். முழுதாக வந்தபோது பதினொன்று.

போன மாதம் அந்தப் பதினொன்றைத்தான் முதலாளி சங்கரலிங்கத்திடம் பெருமையாகக் காட்டினேன். எந்தப் பட்டாசை எத்தனை நிமிடம் பார்க்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் குறித்துவைக்கும். அதைப் பார்த்து, தீபாவளிக்கு எதை வாங்குவார்கள் என்று நான் சொல்லவேண்டும். 2007இல் சிவகாசியில் அது பெரிய வித்தை. மற்ற பக்கங்களில் ஒரு நிமிடம்கூட நிற்காதவர்கள் இதில் பதினொரு நிமிடம் நின்றார்கள். "ஆசைப்பட்டுப் பாக்காக மொதலாளி. கண்டிப்பா வாங்குவாக," என்றேன். என்ன வாய் எனக்கு!

ஆசையுமில்லை, ஒரு மண்ணுமில்லை. படம் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது பொசுக்கென்று வந்துவிடும், அதனால் எனக்கு உறைக்கவேயில்லை.

அதற்குள் விஸ்வநத்தம் யூனிட்டில் மற்ற வேலையை நிறுத்தி, ஆட்களை வானத்தாமரைக்கு மாற்றிவிட்டார்கள். திரி சுற்றிக்கொண்டிருந்த என் அம்மா பொன்மணியும் இப்போது வெடிமருந்து அடைக்கிறாள். "எம்மக சொன்ன வெடியாக்கும்," என்று வேறு எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறாள்.

பஸ் பிடித்து ஓடி முதலாளியிடம் சொன்னேன். அவர் ஃபேனைப் பார்த்தபடி கேட்டார்.

"வெளையாடுதியா ஓவியா? ஏஜெண்டுகளுக்கு வாக்குக் குடுத்தாச்சு. சீசன் முடியட்டும்."

"மருந்தடைக்குற ரூமுல ஆளு கூடிப்போச்சு மொதலாளி. பயமா இருக்கு."

"ஒம் பேச்சக் கேட்டுத்தான கூட்டுனேன்?"

அங்கிருந்து நேரே யூனிட்டுக்குப் போனேன். உச்சி வெயில். மருந்து அடைக்கும் அறைச் சுவரில் 'நால்வர் மட்டும்' என்று சிவப்பு எழுத்து. வாசலில் செருப்புகளை எண்ணினேன். ஏழு ஜோடி. நீல நூலால் தைத்தது அம்மாவுடையது.

உள்ளே அவள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். "எம்மா, வெளிய வா!" என்று கத்த வாய் திறந்துவிட்டேன். யாராவது திடுக்கிட்டுக் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டால்?

வாயை மூடிக்கொண்டேன். சத்தம் வராமல் என் செருப்பைக் கழற்றி, எட்டாவது ஜோடியாக அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.