அக்கா வெளியே நிற்கிறாள்

மனநோயாளிகளை எப்படிக் கையாள வேண்டும் என்று போலீஸ்காரர்களுக்கு நடக்கும் வகுப்பில் வந்து பேச வேண்டும் என்று, தம்பிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அனுஷா கேட்டபோது செண்பகவல்லி சிரித்துவிட்டாள். மலையாளப் பக்கம் ஸ்ரீவராகத்தில் வாடகை வீட்டில் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள் அவள். போலீஸைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

“மருந்தைப் பத்தி நான் பேசிக்கிடுவேன்” என்றார் டாக்டர். “வீட்டிலுள்ளவங்க படுற பாட்டை நீங்க சொன்னாத்தான் அவங்களுக்கு மனசிலாகும்.”

ஒப்புக்கொண்டதற்குக் காரணம் தம்பி வன்னியபெருமாள்தான். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு அவளும் அவளுக்கு அவனும் மட்டுமே மிச்சம். இருபது வயதில் அவனுக்கு நோய் வந்தது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பான், சாப்பாட்டில் விஷம் என்பான். முதல் தடவை பஸ் ஸ்டாண்டில் தனியாகப் பேசிக்கொண்டு நின்றவனைக் குடிகாரன் என்று நினைத்து போலீஸ் லாத்தியால் அடித்ததில் முன்பல் இரண்டு போயிருந்தது. இன்னொரு வீட்டுப் பையனுக்காவது அது நடக்காமல் இருக்கட்டும் என்றுதான் போனாள்.

ஹால் நிறையப் போலீஸ்காரர்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதி மலையாளமும் பாதி தமிழுமாக அவள் பேசினாள்.

“என் தம்பி மாத்திரையை விட்டா குடிப்பான். குடிச்சா மாத்திரை போடமாட்டான். ரெண்டும் சேந்துதான் வரும். அந்த நேரம் சத்தம் போடாதீங்க, முதுகுப் பக்கம் போய் நிக்காதீங்க. யாரு சொன்னாலும் கேக்கமாட்டான். ‘செண்பா அக்கா வெளியில நிக்கிறா’ன்னு சொன்னா மட்டும் வருவான். ஆனா நான் நிக்கணும். பொய்யாட்டு மட்டும் சொல்லிராதீங்க. பெறவு அவனுக்குப் பிடிச்சுக்க ஒண்ணும் இருக்காது.”

யாரும் சிரிக்கவில்லை. டீ குடிக்கும்போது ஹெட் கான்ஸ்டபிள் ரதீஷ் பக்கத்தில் வந்து நின்றார். எல்லையோரப் பாறசாலைக்காரர், தமிழ் நன்றாகவே வந்தது.

“எங்க அப்பன் குடிச்சே செத்தவருதான், எக்கா. ஊருல எல்லாரும் அவரைக் கல்லெறிஞ்சு வெரட்டுவாங்க. நீங்க பேசினப்போ எனக்கு அவரு ஞாபகம்” என்றார். ஸ்டேஷன் நம்பரைச் சொல்லி, “என்ன பிரச்சனைன்னாலும் என்னை விளிச்சாப் போதும்” என்றார்.

அன்று வீட்டுக்கு நடந்துவரும்போது, ஊரில் தனக்கும் ஒரு ஆள் இருக்கிறது என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது.

ஓணம் கழிந்த சமயம். வன்னியபெருமாள் பழவங்காடியில் பகவதிப்பெருமாளின் ஹோட்டலில் காய்கறி நறுக்கும் வேலையில் இருந்தான். சில நாட்களாக மாத்திரையை ஒளித்துத் துப்பிவிட்டுப் பிராந்தி குடித்திருக்கிறான். அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் காலை, சாம்பாரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று கத்தியோடு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கதவை உடைக்க முதலாளி ஆள் கூப்பிடுகிறார் என்று சமையல்காரர் சுப்பு சைக்கிளில் வந்து சொன்னார்.

ரதீஷைக் கூப்பிட அவள் பக்கத்து வீட்டுப் போனுக்கு ஓடினாள்.

“நான் உடனே புறப்படுதேன். நான் வந்து சேருற வரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க, சாரே. என் சத்தம் கேட்டா அவனா வந்திருவான்.”

“பேடிக்காதீங்க எக்கா, பயமே வேண்டாம்” என்றார் ரதீஷ். “நீங்க வராம ஒண்ணும் நடக்காது.”

ஆட்டோ கிழக்கேகோட்டை நெரிசலில் மாட்டிக்கொண்டது. இறங்கி ஓடினாள். ஹோட்டல் வாசலில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனபோது தம்பியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய தோர்த்துத் துண்டாலேயே கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். திமிறியதில் சட்டை கிழிந்திருந்தது.

அவளைக் கண்டதும் திமிறுவதை நிறுத்தினான். கத்தவில்லை. குரல் மிகவும் சின்னதாக வந்தது.

“நீயாக்கா சொல்லிக் குடுத்த?”

ஜீப் போய்விட்டது.

நடந்ததைச் சுப்புதான் சொன்னார். ரதீஷ் கதவருகே உட்கார்ந்து ரொம்பத் தணிவாகப் பேசினாராம். “வன்னி, செண்பா அக்கா வெளியில நிக்கிறா. உனக்குச் சோறு கொண்டுவந்திருக்கா, வா.” கத்தியை உள்ளேயே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் வெளியே வந்தான். கதவுக்கு இரண்டு பக்கமும் ஒளிந்து நின்றவர்கள் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

ஸ்டேஷனில் ரதீஷ் அவளை வராந்தாவிலேயே நிறுத்திப் பேசினார்.

“ஒரு அடி விழல, எக்கா. நீங்களே கேட்டுப் பாருங்க.”

“நான் வாறேன்னுல்லா சொன்னேன்.”

“எஸ்.ஐ. சார் காத்திருக்க முடியாதுன்னுட்டாரு. மத்தியானம் ஊணு நேரம், ஆளு வரும்னு கடைக்காரரு ஒரே சத்தமும் பெகளமும். நான் என்ன செய்ய?”

“அதுக்கு என் பேரை ஏன் சொன்னீங்க?”

“நீங்கதானே சொல்லித் தந்தீங்க?”

அவர் முகத்தில் குற்ற உணர்ச்சியின் சாயல்கூட இல்லை. நல்ல காரியம் செய்தவனை இவள் ஏன் இப்படிக் கேட்கிறாள் என்ற வருத்தம்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு அவளுக்குச் சண்டை போடவும் தெம்பில்லை.

கத்தியைக் காட்டி மிரட்டியதாக வழக்குப் பதிந்து, கோர்ட் உத்தரவுப்படி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே அவளைப் பார்க்க வன்னியபெருமாள் மறுத்துவிட்டான். கொண்டுபோன சோற்றைத் தொடவில்லை. குணமானதும் நாகர்கோவிலில் மாமா வீட்டுக்குப் போகிறேன் என்றான். மாமா வந்து அழைத்துக்கொண்டு போனார். வழக்கும் பின்னால் தள்ளுபடியானது.

அடுத்த வருஷ வகுப்புக்குக் கூப்பிட டாக்டர் அனுஷா வீட்டுக்கே வந்தார்.

“ரதீஷ் இந்தச் சம்பவத்தை இப்ப எல்லா வகுப்பிலயும் சொல்றாரு. கதவை உடைக்காம, அடிக்காம ஒருத்தரை வெளியில கொண்டுவந்ததுக்கு நல்ல உதாரணம்னு. அதுக்குக் காரணம் நீங்கதான், செண்பகம்.”

“பொய் சொல்லாதீங்கன்னு நான் சொன்னதையும் சொல்றாரா?”

டாக்டர் “அன்னைக்கு அவங்க அடிச்சுப் பிடிச்சிருந்தா?” என்று கேட்டார்.

“அடிச்சிருந்தா அவனுக்கு அவங்க மேல வெறுப்பு வந்திருக்கும், டாக்டர். என்கிட்டே வந்து அழுதிருப்பான்.”

டாக்டர் போன பிறகு பாதியில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்துக் கை தைக்க உட்கார்ந்தாள். இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். அப்படியே எடுத்து வைத்துவிட்டாள்.

பொங்கலுக்கு நாகர்கோவில் போனாள். தம்பி சதை போட்டிருந்தான். மாமாவின் பலசரக்குக் கடையில் உட்காருகிறான், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறான், குடிப்பதில்லை என்றாள் மாமி. மாமாவிடமும் பிள்ளைகளிடமும் சிரித்துப் பேசினான். அவள் கொண்டுவந்த முறுக்கைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தான். தான் ஒன்றும் எடுக்கவில்லை.

மாலையில் பஸ் ஏற்றிவிட அவனே வந்தான். பையை மேலே தூக்கி வைத்தான். வண்டி புறப்படும்போது ஜன்னலோரம் நின்று, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் மரியாதையாகக் கேட்டான்.

“நீங்க போயிட்டு வாறியளா?”

பிறந்ததிலிருந்து அவளை ‘நீ’ என்றே கூப்பிட்டவன்.