பின் சீட்டில் தூங்கியவன்

கல்லூரியில் நான் வாங்கியது இரண்டு எஃப் கிரேடு மட்டும்தான். இரண்டுமே உடற்கூறியல் பாடத்தில். ஒன்பது வருடம் கழித்து ஒரே ஒரு நாள் அவை பயன்பட்டன. எனக்கு அல்ல, என் அக்கா மார்லாவுக்கு.

கொரோனா வந்த வருடம். கென்டக்கியின் கிழக்கு மலையில், எங்கள் பள்ளத்தாக்கில் செல்போனுக்கே சிக்னல் ஏறாது. இணையம் பற்றிப் பேச வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அதன் சமையலறையில் பதினோரு வருடம் வேலை பார்த்த மார்லாவையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு முப்பத்தேழு வயது. ஒரு வாரம் சும்மா இருந்தாள். அடுத்த வாரம் சுவாச சிகிச்சைப் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு வந்து சொன்னாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

"அப்பாவோட ஆக்சிஜன் மிஷினை நாலு வருஷம் ஓட்டினது யாரு? நீயா?"

நான் இல்லை. சுரங்கத் தூசி அப்பாவின் நெஞ்சில் கல்லாக இறுகிக்கொண்டிருந்த நாலு வருடமும் அவர் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். அளவு பார்க்க வந்த நர்ஸே அவளிடம் சந்தேகம் கேட்டுவிட்டுப் போவாள். 

வகுப்பெல்லாம் லேப்டாப்பில். நகரத்து நூலகம் பூட்டிக் கிடந்தாலும் வைஃபையை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தார்கள். அதனால் அந்தப் பார்க்கிங்தான் எங்கள் மாவட்டத்துக்கே பள்ளிக்கூடம், ஆபீஸ், எல்லாம். காலை ஏழரைக்குள் வண்டிகள் நிறைந்துவிடும். சுவரை ஒட்டிய மூன்றாவது இடத்தில்தான் சிக்னல் நன்றாக வரும். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. யாருக்குத் தேர்வோ நேர்காணலோ இருக்கிறதோ அவர்கள் பக்கக் கண்ணாடியில் சிவப்புத் துணி கட்டுவார்கள். கட்டினால் மூன்றாவது இடம் அவர்களுடையது. மற்றவர்கள் அந்த ஒரு மணி நேரம் படம் பார்க்க மாட்டார்கள், பாட்டுப் போட மாட்டார்கள், கிட்டே வந்து கண்ணாடியைத் தட்ட மாட்டார்கள். சட்டத்தை உண்டாக்கியவள் ட்ரூடி. பச்சை பிக்கப் வண்டியில் உட்கார்ந்துகொண்டு தன் வம்சத்துக்கே வேலையில்லாதோர் உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த பெரிய உருவம். அவளை எதிர்க்க யாருக்கும் தைரியமில்லை.

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஓடும் நிலையில் இருந்தது என் கார் ஒன்றுதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு இரவு வேலை. காலை ஆறரைக்கு முடியும். வீட்டுக்குப் போய் மார்லாவை ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றித் திரும்ப நகரத்துக்கு வர வேண்டும். அவளை இறக்கிவிட்டு நான் வீட்டுக்குப் போனால் அவள் உட்கார்ந்து படிக்க வேறு வண்டி கிடையாது. ஆகவே முன் சீட்டில் அவள் படிப்பாள். பின் சீட்டில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு நான் தூங்குவேன். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அப்படித்தான்.

"உன் தம்பி உசிரோடதான் இருக்கானா, இல்ல ஆளைக் கூப்பிடட்டுமா?" என்று ட்ரூடி கேட்பாள்.

"குறட்டை நின்னா கூப்பிடு" என்பாள் மார்லா.

கல்லூரி ஒரு காகிதம் அனுப்பியிருந்தது. கஷ்டகாலத்தில் மனம் தளராமல் படிக்கப் பத்து வழிகள். எனக்கு எரிச்சலாக வந்தது. தண்ணீர் குடி, மூச்சை இழுத்து விடு, நன்றியோடு இரு. இதை எழுதினவருக்கு வீட்டில் இணையம் இருந்திருக்கும். மார்லா அதைத் திட்டவில்லை. பேனாவை எடுத்து ஏழு வழிகளை அடித்துவிட்டு, மீதி மூன்றை டாஷ்போர்டில் ஒட்டினாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நட. மதியம் சூடாக ஏதாவது சாப்பிடு. இன்று படித்ததை ஒருவருக்காவது சொல்.

நடப்பது என்றால் பார்க்கிங்கைப் பத்துச் சுற்று. மழையானாலும். மதியத்துக்கு ஃபிளாஸ்கில் அவரைச் சூப், கூடச் சோள ரொட்டி. மூன்றாவதற்கு நான்தான் அகப்பட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் ஓட்டிக்கொண்டே நுரையீரலைப் பற்றிச் சொல்லுவாள்.

"நான் கேக்கவே இல்லையே" என்பேன்.

"கேக்காதவனுக்குப் புரிய வெச்சாத்தாண்டா எனக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

அவள் களைத்துப்போகாமல் இல்லை. அக்டோபரில் ஒரு நாள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். அழுதுவிட்டுப் பத்துச் சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடி புத்தகத்தைத் திறந்தாள். நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். தூங்குவதாக நடித்தேன்.

டிசம்பர் முதல் வாரம், முதல் பருவத்தின் உடற்கூறியல் இறுதித் தேர்வு. மார்லா சிவப்புத் துணி கட்டினாள். தேர்வைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் உண்டு. தொடங்கும் முன் அறை முழுவதையும் கேமராவில் சுற்றிக் காட்டச் சொல்லும். காட்டினாள். முன் கண்ணாடி, கூரை, தன் பக்கக் கதவு, பின் சீட்டில் ஒரு போர்வைக் குவியல். அதற்குள் ஓர் ஆள் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நாலு மாதமாக நான் அங்கே கிடந்தது ஸ்டெப்னி டயர் மாதிரி.

முப்பத்தொன்றாவது கேள்வியில் நான் எழுந்து உட்கார்ந்தேன். தூக்கத்தில்தான். எங்கள் சலவைக்கூடத்தின் நாலாம் நம்பர் இயந்திரத்தில் கதவுப் பூட்டு சரியில்லை. அதுவே கனவிலும் வரும். "திறக்காதே! தண்ணி நிக்குது!" என்று கத்திவிட்டு மறுபடி படுத்துவிட்டேன். எனக்கு எதுவும் நினைவில்லை. திரையில் தேர்வு மூடிக்கொண்டது.

மாலைக்குள் மின்னஞ்சலில் கடிதம் வந்தது. அறையில் வேறொரு நபர். வெளி உதவி பெற்றதாகச் சந்தேகம். ஐந்து நாளில் விசாரணை. சந்தேகம் உறுதியானால் பூஜ்யம், படிப்பிலிருந்து நீக்கம். அதற்குக் கீழே இன்னொரு வரி: அந்த நபர் இக்கல்லூரியின் முன்னாள் மாணவர் என்று அடையாளம் காணப்பட்டுள்ளார்.

தேர்வு வீடியோவைப் பார்த்து என்னை அடையாளம் கண்டவர் உடற்கூறியல் ஆசிரியை ஹென்ஸ்லி மேடம். எனக்கு அந்த இரண்டு எஃப் போட்டவரும் அவர்தான்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மார்லா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த நாள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. நடக்கவில்லை. ஃபிளாஸ்க் காலியாகக் கிடந்தது. மூன்றாம் நாள் காலை, "இன்னிக்கு நகரத்துக்கு வேண்டாம், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள்.

அந்த 'நாளைக்கு' எனக்கு நன்றாகத் தெரியும். படிப்பை விடுகிறவன் கதவை அறைந்துவிட்டுப் போவதில்லை. கல்லூரியில் அந்தப் பாடத்தை இரண்டாவது தடவை எடுத்தபோது நான் ஒரு நாள் ஆய்வகத்துக்குப் போகவில்லை. மறுநாள் ஏன் வரவில்லை என்று எழுதக் கூச்சமாக இருந்தது. அதனால் அன்றும் போகவில்லை. மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. யாரும் என்னைத் துரத்தவில்லை.

ஆனால் இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளை வண்டியில் ஏற்றினேன். பால் வாங்கப் போகலாம் என்று பொய் சொன்னேன். பாதி மலை ஏறினதும் கேட்டேன்.

"இந்த இடது நுரையீரல்ல மூணு மடல் இருக்குன்னு சொன்னியே…"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வலதுல ரெண்டு. அதான் வலது பக்கம் படுத்தா நல்லாத் தூக்கம் வருது போல."

"ராய்ஸ், வாயை மூடு."

"ரெண்டுதானே?"

"வலதுலதாண்டா மூணு, எருமை! இடதுல ரெண்டு! இதயம் எங்க உக்காரும், உன் மடியிலயா? நாலு மாசமா கத்திக்கிட்டு வரேன், இதுகூடத் தெரியலையா?"

"நான் ஃபெயிலானவன், அக்கா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "நீ ஃபெயிலானதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. கல்லூரிக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. அதை மீட்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. நூலகத்துக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண் என் மதிப்பெண் பட்டியலை அச்செடுத்து, கதவைக் கால்வாசி திறந்து, ஒரு துடைப்பக் கட்டையில் செருகி நீட்டினாள். என் வேலை நேர அட்டையையும் எடுத்துக்கொண்டேன். மார்லா அன்றைக்கே பத்துச் சுற்று நடந்தாள். அன்றைக்கே படிக்கவும் உட்கார்ந்தாள். விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது.

விசாரணையும் அதே மூன்றாவது இடத்தில், அதே காரில்தான் நடந்தது. திரையில் இரண்டு முகம். ஒன்று ஹென்ஸ்லி மேடம். மற்றது துறைத்தலைவர் பெல்ச்சர். நான் முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தேன்.

"உங்களுக்கு விடை சொன்னது இவர்தானே?" என்றார் பெல்ச்சர்.

"இவன்கிட்ட விடை கேக்குற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகலைங்க" என்றாள் மார்லா.

நான் காகிதத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்தேன். "உடற்கூறியல், முதல் தடவை எஃப். ரெண்டாவது தடவையும் எஃப். அதுக்கப்புறம் வரவே இல்ல. இது என் நேர அட்டை. தேர்வுக்கு முந்தின ராத்திரி முழுக்க விரிப்புத் துவைச்சிருக்கேன்."

"அந்த மார்க் நான்தான் போட்டேன்" என்றார் ஹென்ஸ்லி மேடம். "கொஞ்சம் தாராளமாவே போட்டேன்."

பெல்ச்சர் சிரிக்கவில்லை. "படிக்காதவங்ககூடப் புத்தகத்தைப் பாத்து வாசிச்சுக் காட்டலாமே. இது எதையும் நிரூபிக்காது."

அவர் சொன்னது சரிதான்.  என் கையில் இருந்ததெல்லாம் அந்தக் காகிதம்தான். ஏதாவது கெஞ்சலாமா என்று யோசித்தேன்.

மார்லா காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி டாஷ்போர்டில் வைத்தாள்.

"அப்ப இப்பவே கேளுங்க."

"எதை?"

"எல்லாத்தையும். முதல் பாடத்துலேருந்து. எழுத வேண்டாம், வாயாலயே கேளுங்க. புத்தகத்தை டிக்கியில போட்டுப் பூட்டுறேன். இவனை வெளிய நிறுத்துறேன், கண்ணாடி வழியா உங்களுக்குத் தெரியுற மாதிரி. நாளைக்கு வேண்டாம் சார். இப்பவே."

பெல்ச்சர் ஹென்ஸ்லி மேடத்தைப் பார்த்தார். "எனக்கு நேரம் இருக்கு" என்றார் மேடம்.

நான் இறங்கினேன். பக்கக் கண்ணாடியில் சிவப்புத் துணியைக் கட்டினேன். காரின் பின்னால் போய், பின் கண்ணாடி வழியாகக் கேமராவில் தெரியும்படி, கைகளை வெளியே தொங்கவிட்டு நின்றேன். தரையெல்லாம் பனி உறைந்து கிடந்தது. இரவு வேலை முடிந்து உடை மாற்றாமலே வந்ததால் என் மேல் மெல்லிய ஜாக்கெட் மட்டும்தான் இருந்தது. துணியைப் பார்த்ததும் ட்ரூடி தன் என்ஜினை அணைத்தாள். அந்த வரிசை முழுவதும் ஒவ்வொரு என்ஜினாக அடங்கியது. அந்தக் குளிரில் ஹீட்டரை அணைத்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. மார்லாவின் பின்தலை தெரிந்தது, கை தெரிந்தது. பத்து நிமிடம் கை அசையாமல் இருந்தது. நான் பயந்தேன். அப்புறம் அந்தக் கை எழுந்தது. விலா எலும்பின்மேல் வைத்துக் காட்டினாள். மூச்சுக்குழாய் பிரியும் இடத்தை இரண்டு விரலால் காட்டினாள். மூன்று விரல் நீட்டினாள், பிறகு இரண்டு விரல். அது என்ன கேள்வி என்று எனக்கே தெரிந்தது. ஒரு இடத்தில் அவள் தோள் பின்னால் சாய்ந்து, ஒரு கை காற்றில் எதையோ திருகியது. அப்பாவின் இயந்திரத்துக் குமிழ். அந்தத் திருகலை நாலு வருடம் பார்த்திருக்கிறேன்.

ட்ரூடி ஓசைப்படாமல் வந்து என் தோளில் ஒரு கம்பளியைப் போட்டாள். "கையை உள்ள விடாதே" என்று கிசுகிசுத்தாள். "அவங்களுக்குத் தெரியணும்."

நாற்பத்தைந்து நிமிடம். எனக்குக் கால் மரத்துப்போயிற்று. பெருமையாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் விட்டு ஓடின கல்லூரியை அவள் என் காரிலேயே உட்கார வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. தூங்கினேன், கெடுத்தேன், குளிரில் நின்றேன். அவ்வளவுதான் என் பங்கு.

கதவு திறந்தது. மார்லா இறங்கி, காரைச் சுற்றி வந்து, கண்ணாடியிலிருந்த துணியை அவிழ்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன ஆச்சு?"

"தொண்ணூத்தி மூணு. ரெண்டு கேள்வி தப்பு." துணியை மடித்துப் பையில் வைத்தாள். "ரெண்டும் எனக்குத் தெரிஞ்சதுதாண்டா. அதான் எரிச்சலா இருக்கு."

ட்ரூடி தன் பிக்கப்பில் ஏறி ஹாரனை ஓர் அழுத்து அழுத்தினாள். பிறகு எல்லாரும் அழுத்தினார்கள். நூலகப் பெண் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். மார்லா எதையும் கவனிக்காதவள் போல நடக்கத் தொடங்கினாள். அன்றைய பத்துச் சுற்று அவளுக்குப் பாக்கி இருந்தது.

பெல்ச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இனிமேல் காரில் யார் இருந்தாலும் தேர்வுக்கு முன்னால் முகத்தைக் காட்டி, பெயர் சொல்ல வேண்டும்.

அடுத்த தேர்வு ஜனவரி கடைசியில். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். யாரோ போர்வையை முகத்திலிருந்து உருவினார்கள். கண்ணெதிரே லேப்டாப். அதற்குப் பின்னால் மார்லா, கேமராவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இவன் ராய்ஸ். என் தம்பி. ராத்திரி வேலை முடிச்சுட்டு வந்து தூங்குறான். தூக்கத்துல பேசுவான். விடை எதுவும் தெரியாது."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"இவன் கொண்டுவந்து விடலேன்னா நான் இங்க இருக்க மாட்டேன். அதையும் குறிச்சுக்கங்க."

பிறகு போர்வையை மறுபடி என் முகத்தின்மேல் போட்டாள். நான் தூங்குவதாக நடித்தேன்.