தகப்பனைப் பார்க்கும் கன்றுகள்

காளை செத்தது ஒரு புதன்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு. ஊரில் எல்லோருக்கும் அந்த மணி நினைவிருக்கும். ஏனென்றால் அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்த இருபத்தாறு கோணக்கழுத்துக் கன்றுகளும் ஒன்றாகக் கழுத்தைத் திருப்பி ஊசிக்காரர் வீட்டைப் பார்த்தன. அதுவரை அவை வடக்கே, அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் காளைப் பண்ணை இருந்த திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பண்ணையிலிருந்து சாவுச் செய்தி வந்து சேர நான்கு நாள் ஆனது. கன்றுகளுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

ஊசிக்காரர் என்றால் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். அவர் வீட்டு முன்னறையில், மேஜைக்கு அடியில், பால் கேன் அளவுக்கு ஒரு நைட்ரஜன் கேன் இருந்தது. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வரும். அந்தக் குளிருக்குள் செத்துப்போன காளையின் உறைவிந்துக் குச்சிகள் இன்னும் நாற்பது மிச்சமிருந்தன. இந்த உலகத்தில் அந்தக் காளை பாக்கியிருந்த இடம் அது ஒன்றுதான், ஆகவே கன்றுகளின் கணிப்பில் பிழை சொல்ல முடியாது.

கோணக்கழுத்து எப்படி வந்தது என்பதில் ஒரு மர்மமும் கிடையாது. அந்தக் காளைக்குப் பிறந்த கிடேரிகள் வளர்ந்து, கறக்கிறவர்களின் விரல் ஓயும் அளவுக்குப் பால் கொடுத்தன. விடுவார்களா? அந்தக் கிடேரிகளுக்கும் அதே காளையின் ஊசிதான் வேண்டும் என்று வந்து நின்றார்கள். தகப்பனை மகளுக்குப் போடக் கூடாது என்பது பயிற்சியின் முதல் வாரப் பாடம். ஊசிக்காரர் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். ஆனால் கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்ல வராத மனிதர், போட்டார். எட்டுக் கன்றுக்கு ஒன்று கழுத்து கோணிப் பிறந்தது. முதல் கோணல் கன்று பிறந்த அன்று அது அவர் சட்டையின் பின்பக்கத்தை நக்கிக்கொண்டிருக்க, அவர் பதிவேட்டை முழங்காலில் வைத்து “செத்துப் பிறந்தது” என்று எழுதினார். அடுத்ததற்கும் அதையே எழுதினார். காளைப் பண்ணைக்குச் சேதி போகவில்லை. அந்தக் காளை, பதிவேட்டில் “செத்துப் பிறந்த” இருபத்தாறு கன்றுகளுக்குத் தகப்பனாக, நல்ல பெயரோடு போய்ச்சேர்ந்தது.

அவர் ஏன் அப்படி எழுதினார் என்றால், உண்மையை எழுதினால் அடுத்து ஒரு கேள்வி வரும்: கோளாறு யார் பக்கம்? இந்தக் கேள்வி அவர் வீட்டிலேயே இருபத்து நான்கு வருஷமாகக் குடியிருந்தது. அவருடைய ஒரே மகளுக்கு வலது கை முழங்கையோடு நின்றுவிட்டது. குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்த அன்றே அவருடைய அம்மா சொல்லிவிட்டாள்: “எங்க பக்கத்துல இப்படி யாரும் கிடையாது.” அவர் மனைவியோ வேறு யாரும் இல்லை, சொந்த அத்தை மகள். இரண்டு பக்கத்துக்கும் தாத்தா ஒருவர்தான் என்பதை அந்த அறையில் யாரும் விரல் விட்டு எண்ணவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மனைவியின் வயிற்றைப் பற்றி ஒரு பேச்சு வரும். அப்போதெல்லாம் ஊசிக்காரர் சுவரில் தொங்கும் நாள்காட்டியை மும்முரமாகப் பார்ப்பார். மகள் வளர்ந்து, பால் சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பு அளக்கும் வேலைக்குப் போனாள். இடது கையால் அவள் எழுதும் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவிடம், “எனக்குக் கைதான்ப்பா குட்டை. உங்களுக்கு வாய் குட்டை” என்றாள். அவர் தண்ணீர் குடித்தார்.

காளை செத்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது, அதாவது அவருக்கு மரியாதை கூடிவிட்டது. கன்றுகள் நன்றி காட்டுகின்றன என்று ஊர் முடிவு கட்டியது. பிறக்க வைத்தவரை மறக்காத ஜீவன்கள், பெற்ற பிள்ளைகள்கூட இப்படி இல்லை என்று பேசிக்கொண்டார்கள். புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் வழி கேட்டால் கன்றைக் காட்டினார்கள். கழுத்தை வேறு பக்கம் திருப்ப முடியாத அந்தக் கன்றுகள் பால் குடிக்க வேண்டுமானால் மடி அவர் வீட்டுத் திசையில் இருக்க வேண்டும்; அதனால் தொழுவங்களில் மாடு கட்டும் முளைகளைப் பிடுங்கி நட்டு, பசுக்களை அதற்குத் தோதாகக் கட்டினார்கள். ஊசிக்காரர் தெருவில் நடந்தால் எந்தத் தொழுவத்துக் கன்றும் அவரைப் பார்ப்பதில்லை, அவர் வீட்டைத்தான் பார்க்கும். அந்த வித்தியாசம் அவருக்கு மட்டும் தெரியும். அது அவரை அரித்தது.

இப்படி இரண்டு வருஷம் போனது; கோணக்கழுத்துக் கன்றுகள் வளரவும் இல்லை, பால்குடி மறக்கவும் இல்லை. ஒரு காலையில் தையல்காரி வந்தாள். புருஷனை இழந்தவள், ஒரே ஒரு பசு, அதுவும் அந்தக் காளையின் மகள். ஊசிக்காரரின் மனைவி முன்னறையில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அதே காளையப் போட்டுடுங்கண்ணே” என்றாள் தையல்காரி.

“அது வேண்டாம்மா. வேற போடறேன்.”

“ஏன்? ஊருக்கெல்லாம் போட்டீங்க. என் மாட்டுல மட்டும் என்ன குறை?”

ஊசிக்காரர் நாள்காட்டியைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. எதிரில் நிற்பவளின் முகம் சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கத்தை அவர் இருபத்தாறு வருஷமாகத் தன் வீட்டில் பார்த்திருக்கிறார்.

“உன் மாட்டுல மட்டும் இல்லம்மா” என்றார். “காளைகிட்ட பாதி, பசுகிட்ட பாதி. ஒரு பக்கம் மட்டும் இருந்தா வெளிய தெரியவே தெரியாது. ரெண்டும் சேர்ந்தாத்தான் கழுத்து கோணும். தெரிஞ்சேதான் போட்டேன். மறைச்சது நான்தான்.”

மனைவி துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

“ஏங்க, இந்தப் பாதிக்குப் பாதி, மனுஷங்களுக்கும் அப்படித்தானா?”

“அப்படித்தான்.”

“இதை எப்பப் படிச்சீங்க? நம்ம பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி” என்றார் ஊசிக்காரர்.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. மேஜைக்கு அடியிலிருந்த கேனை இரண்டு கையாலும் இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் கவிழ்த்தாள். வெள்ளைப் புகை தெருமுனை வரை ஓடியது. மிச்சமிருந்த பதினேழு குச்சிகளும் சிமெண்ட் தரையில் கிடந்து வெதுவெதுப்பாயின. ஊரின் கோணக்கழுத்துக் கன்றுகள் எல்லாம் கொஞ்ச நேரம் வேலியையும் வானத்தையும் கண்ணால் துழாவிவிட்டு, ஒவ்வொன்றாகத் தங்கள் தாயின் பக்கம் திரும்பின. ஊர் விஷயத்தைப் புரிந்துகொண்டது. சில மாதம் அவரைத் திட்டியது. முளைகளை மறுபடி மாற்றி நட்டது. அவர் பதிவேட்டில் இருபத்தாறு இடங்களில் அடித்து, திருத்தி எழுதி, பண்ணைக்கு அனுப்பினார்.

மனைவிக்கு அது போதவில்லை. “என்கிட்ட சொல்லி என்ன? யார் யார் பேசினாங்களோ அவங்க வீட்ல வந்து சொல்லுங்க” என்றாள். பத்தொன்பது வீடுகள் அவளுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அவர் உட்காராமல் நின்றபடி அதே வாக்கியத்தைச் சொன்னார்: பாதி என்னிடமிருந்து. சிலர் காப்பி கொடுத்தார்கள், சிலர் இப்போ எதுக்கு இதெல்லாம் என்றார்கள். அவள் எந்த வீட்டிலும் எதையும் குடிக்கவில்லை.

பத்தொன்பதாவது வீடு அவருடைய தம்பி இருந்த பூர்வீக வீடு. அம்மா அங்கேதான் இருந்தாள். அந்தக் கொல்லையிலும் ஒரு கோணக்கழுத்துக் கன்று இருந்தது. எல்லாக் கன்றும் தாயைப் பார்க்க, அது மட்டும் வேலியோரக் கொய்யா மரத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்றது. தாய்ப்பசு எதிர்ப்பக்கம் கட்டியிருந்தது. ஊசிக்காரர் தன் வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அத்தை, அந்தக் கன்னுக்குட்டி ஏன் அங்க பார்க்குது?”

அம்மா சேலை நுனியை முறுக்கினாள்.

“உனக்கு முன்னாடி ஒண்ணு பொறந்துச்சுடா” என்றாள் மகனிடம். “பொண்ணு. இவளுக்கு இருக்கிற மாதிரியே கை. மூணு நாள் இருந்துச்சு, நல்லாப் பால் குடிச்சுது. அப்புறம் போயிடுச்சு. என் மாமியார் வாய்க்குப் பயந்து யார்கிட்டயும் சொல்லல. அங்கதான் வெச்சோம்.”

ஊசிக்காரர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி மாமியாரை மன்னிக்கவில்லை. ஆனால் மேஜை மேலிருந்த தண்ணீரை எடுத்து அவளிடம் நீட்டினாள், பிறகு அந்த வீட்டில் முதல்முறையாகத் தானும் ஒரு வாய் குடித்தாள்.

“பேர் வெச்சீங்களா பாட்டி?” என்று மகள் கேட்டாள்.

“இல்லம்மா.”

“பரவாயில்ல. எனக்கு அத்தை முறை. அத்தைன்னே கூப்பிடறேன்.”

அவள் கொல்லைக்குப் போய், இடது கையால் முளையைப் பிடுங்கி, பசுவைக் கொய்யா மரத்தடிக்கு நடத்திக்கொண்டு போய்க் கட்டினாள். கன்று பார்த்த திசையிலேயே நடந்து வந்து பால் குடித்தது.