இடதுபக்கம் வந்தது நான்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவர் பாண்டித்துரை. சொல்லவிட்டுச் சும்மா நின்றவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மிச்சத்தை நிம்மதியாக எழுதலாம் என்று நினைத்தேன். அப்படியொன்றும் நிம்மதி வரவில்லை.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு காலத்தில் கல் சுமந்த ரயில், இன்று—

[நிறுத்திவிட்டேன். சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது. இன்னொன்று: அமீரகத்து ராஸ் அல் கைமாவுக்கு வந்து இந்த ரயில்பாதையைத் தேடாதீர்கள். கதைக்காகத் தண்டவாளம் போட்டதும் நான், பெயர்த்தெடுத்ததும் நான்.]

ஆக, கதைப்படி இது குவாரியிலிருந்து துறைமுகத்துக்குக் கல் போன பாதை. தண்டவாளத்தை எடுத்து, தார் போட்டு, சைக்கிளுக்கு விட்டுவிட்டார்கள். பத்து கிலோமீட்டர். ஒரு முனையில் மலை, மறுமுனையில் கடல், வழியெல்லாம் ஒட்டகப் புழுக்கை. நடுவில் ஒரு செராமிக் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப். அங்கிருந்து நாற்பது பேர் இந்தப் பாதையில்தான் டூட்டிக்குப் போகிறார்கள். முன்பெல்லாம் குவாரி லாரிகள் ஓடும் ரோட்டில் போனார்கள்.

கேம்ப் பக்கத்து கேட்டில் ஒரு நோட்டீஸ் உண்டு. கேம்ப் ஆட்களால் ஒரு விபத்து நடந்தாலும் கேட் பூட்டப்படும். அதை நானும் படித்திருந்தேன்.

3.

நான் சைக்கிள் கற்றுக்கொண்டது நாற்பத்து மூன்று வயதில். கோயம்புத்தூரில் பஸ், இங்கே கணவரின் கார் என்றே காலம் போய்விட்டது. மகள் தன்யா பின்னால் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் கேலி செய்தாள்.

போன வெள்ளிக்கிழமை காலையில்தான் முதல்முறையாகத் தனியாக வந்தேன். இடதுபக்கமாகவே ஓட்டினேன். இந்த நாட்டில் எல்லாம் வலதுபக்கம். பன்னிரண்டு வருஷம் காரில் உட்கார்ந்து போனவள் அதையெல்லாம் எங்கே கவனித்தேன்? சைக்கிளில் ஏறியதும் உடம்பு ஊர் வழக்கத்துக்குப் போய்விட்டது.

ஒரு வளைவில், கேம்பிலிருந்து டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பாண்டித்துரை எதிரே வந்தார். அவர் சரியான பக்கத்தில்தான் வந்தார். நான் பிரேக்கைத் தேடுவதற்குள் அவர் சரளைக்கல்லில் இறங்கி விழுந்தார். நான் விழவில்லை. என் ஹேண்டில்பார் மட்டும் கோணிக்கொண்டது.

"அக்கா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலைல?"

கேட்டது விழுந்தவர். இடது மணிக்கட்டு அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. என் முன்சக்கரத்தை முழங்காலிடுக்கில் வைத்து, மற்ற கையால் ஹேண்டில்பாரைத் திருப்பி நேராக்கிக் கொடுத்தார்.

பாதைக் காவலாளி கௌஸ் முகம்மது வந்தார். என் ஹெல்மெட்டைப் பார்த்தார். கட்டுக்கம்பியால் கட்டியிருந்த பாண்டித்துரையின் செயின் கவரைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் இவ்வளவு வேகம் என்று அவரிடம்தான் இந்தியில் கேட்டார். மணலில் சறுக்கி நானாகத்தான் விழுந்தேன் பாய், இந்த மேடம் உதவிக்கு நின்றார் என்றார் பாண்டித்துரை. அத்தோடு முடியும் என்று நினைத்திருப்பார். கௌஸ் முகம்மதோ கேம்ப் சைக்கிள், அதிவேகம், விபத்து என்று ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டார்.

நான் வாயைத் திறந்து, உண்மையில்—

[இந்த வாக்கியம் அன்றைக்கும் இவ்வளவுதான் வந்தது.]

4.

பாண்டித்துரை மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு நல்லவராக ஒருவரை எழுதினால் நம்புவீர்களா? இரண்டாவது வரைவில் அவரைக் கத்த வைத்துப் பார்த்தேன். அவர் வாயில் அது ஒட்டவில்லை. காவலாளி போனபிறகு அவர் சொன்னதையே எழுதிவிடுகிறேன்.

"நம்மூருப் பழக்கம்க்கா. நானும் வந்த புதுசுல இப்பிடித்தான் ரோட்டுல எதுத்தாப்புல போயிட்டேன். அன்னைக்கு வந்தது லாரி."

பிறகு, டூட்டிக்கு நேரமாகியும், எங்கள் வீட்டுப் பக்கத்து கேட்வரை எனக்கு முன்னால் மெதுவாக ஓட்டிவந்தார், வீங்கின கையை மடியில் வைத்துக்கொண்டு. அவர் முதுகைப் பார்த்தபடியே வலதுபக்கம் வந்தேன். உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்ந்தது அவரால்தான். அவருக்கு நான் எவ்வளவு நன்றியோடு இருக்கிறேன் என்று இங்கே பக்கம் பக்கமாக எழுதலாம். அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

5.

நேற்று கேட்டில் புது நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். திங்கள் முதல் பூட்டு.

முடிவு ஒன்று: நான் அங்கேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். [எழுதும்போதே கை கூசியது.]

முடிவு இரண்டு: திங்கள் காலை, லாரி ரோட்டில் நாற்பது சைக்கிள்கள். முன்னால் பாண்டித்துரை, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு. பின்னாலிருந்து ஒரு—

[இதை முடிக்க மாட்டேன்.]

6.

இன்று ஞாயிறு. மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்று இந்தக் கதை, ஒன்பது தொடக்கம் கண்டது. இன்னொன்று பாதை அலுவலகத்துக்கு ஒரு கடிதம். அதில் அடித்தல் திருத்தலே இல்லை.

'வெள்ளிக்கிழமை இடதுபக்கம் வந்தது நான். பாண்டித்துரை சரியான பக்கத்தில் வந்தார். என்மேல் மோதாமல் இருக்கத்தான் விழுந்தார். யாரையாவது தடுப்பதென்றால் என்னைத் தடுங்கள்.' கீழே என் பெயர், பிரபாவதி. போன் நம்பர்.

கௌஸ் முகம்மது ஆறு மணிவரை கேட்டில் இருப்பார். இப்போது ஐந்தேகால். கணவரோடு காரில் போகலாம். சைக்கிளில்தான் போகிறேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு ரிஜிஸ்டரைத் திருத்துவார்களா, பூட்டைப் போடுவார்களா, எனக்குத் தெரியாது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முடிவில் அந்த வளைவில் பாண்டித்துரை எதிரே வந்தால், அவர் எந்தப் பக்கம் வந்தாலும் சரி, இந்த முறை சரளைக்கல்லில் இறங்குவது நானாக இருக்கட்டும்.